படிப்பை முடிக்கும் இளம் குவார்டெட்: போட்டியா, ரெசிடென்சியா, ஆர்க்கெஸ்ட்ரா வேலையா?

இரண்டாம் வயலின் எழுதியது:

வணக்கம். நான் ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட்டில், அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழுவில், இரண்டாம் வயலின் வாசிப்பவள். இசைக் கல்லூரியின் முதுநிலைப் படிப்பில் ஒரே ஆசிரியரிடம் சேம்பர் இசை (சிறு குழுக்களுக்கான மேற்கத்திய இசை) பயின்ற நால்வர் சேர்ந்து அமைத்துக்கொண்ட குழு எங்களுடையது. படிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறோம். ஒத்திகைக்கு அறை, வாரந்தோறும் ஆசிரியரின் திருத்தம், கல்லூரியின் பெயரால் அமைந்த சிறு கச்சேரிகள் ஆகியவை இதுவரை நாங்கள் கேளாமலே கிடைத்து வந்தன. பட்டம் கைக்கு வந்த மறுநாளே இவை அனைத்தும் நின்றுவிடும் என்பதை இப்போதுதான் உணர்கிறோம்.

நால்வரும் நான்கு விதமாகப் பேசுகிறோம். அடுத்த இரண்டு ஆண்டுகளைப் பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது செல்லோ வாசிப்பவரின் கருத்து. ஏதேனும் ஒரு பல்கலைக்கழகம் இளம் குழுவைச் சில காலம் தன்னிடத்தில் அமர்த்திக்கொள்ளும் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார் முதல் வயலின். வயோலா வாசிப்பவருக்கு ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் தகுதிகாண் பருவத்துடன் கூடிய இடம் கிடைத்திருக்கிறது. அவர் எங்களை விட்டுப் போக விரும்பவில்லை, ஆனால் மாதச் சம்பளத்தை மறுத்துவிடும் நிலையிலும் இல்லை. எனக்கோ, எந்த வழியில் போனாலும் முதலில் ஒரு மேலாளர் வேண்டாமா என்ற ஐயம் இருக்கிறது.

எங்கள் கையில் மேடைக்கு ஆயத்தமாக உள்ள குவார்டெட்டுகள் (நால்வர் குழுவுக்கென்று எழுதப்பட்ட படைப்புக்கும் அதே பெயர்) ஹைடனின் ஓப்பஸ் (படைப்பின் வெளியீட்டு எண்) 76 இல் இரண்டு, பீத்தோவனின் ஓப்பஸ் 18 இல் ஒன்று, ஓப்பஸ் 59 இல் ஒன்று, மெண்டல்சோனின் ஓப்பஸ் 13, பார்டோக்கின் நான்காவது குவார்டெட், ராவெலின் குவார்டெட். இவ்வளவு போதுமா என்பதும் தெரியவில்லை. இந்தப் பாதையில் முன்பே நடந்தவர்களும், குழுக்களை அழைத்துக் கச்சேரி நடத்துபவர்களும் தங்கள் கருத்தைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

சங்கச் செயலர் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் வாசிப்பவன் அல்லன். ஊதியமில்லாமல் நடைபெறும் ஒரு சிறிய இசைச் சங்கத்துக்காக ஆண்டுதோறும் குழுக்களைத் தேர்ந்தெடுத்து அழைக்கும் பொறுப்பில் நெடுங்காலமாக இருப்பவன். ஆகவே மேசைக்கு மறுபுறத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒன்றைப் போலவே மற்றொன்று இருக்கும். குழுவின் அறிமுகக் குறிப்பில் பாதி இடத்தை ஆசிரியர்களின் பெயர்களும், மீதியைப் பரிசுகளின் பெயர்களும் நிறைத்திருக்கும். இவர்கள் எங்கள் மேடையில் என்ன வாசிக்கப் போகிறார்கள் என்பதற்குக் கடைசி வரியில்தான் இடம் கிடைக்கும், சில வேளைகளில் அதுவும் இராது. சங்கத்தின் குழுக் கூட்டத்தில் நான் எடுத்துச் சொல்ல வேண்டியது அந்தக் கடைசி வரியைத்தான். ஒரு முழு மாலைக்குரிய நிகழ்ச்சிநிரல் இரண்டு, அவற்றுள் ஒவ்வோர் உருப்படியின் கால அளவு, அவை ஏன் சேர்ந்து வருகின்றன என்பதற்கு இரண்டு வாக்கியம், திருத்தம் செய்யாத ஒரு நேரடிக் கச்சேரிப் பதிவு ஆகியவை வந்தால் அந்த விண்ணப்பத்தை நான் தனியே எடுத்து வைத்துவிடுவேன். ஸ்டூடியோவில் வெட்டி ஒட்டி மெருகேற்றிய மூன்று நிமிடக் காணொளியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர முடிவதில்லை.

உங்கள் உருப்படிகள் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடக்கத்துக்குப் போதும். ஹைடன், பார்டோக், இடைவேளை, பீத்தோவன் என்ற வரிசை எந்தக் குழுவுக்கும் கைவந்ததுதான், அதில் தவறில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்ட ஒரு படைப்பு, அதிகம் கேட்கப்படாத ஒரு படைப்பு ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொண்டால் எங்களைப் போன்றவர்களுக்கு உங்களை அழைப்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். ஹைடன் ஒருவரே 68 குவார்டெட்டுகளை எழுதியிருக்கையில் எல்லா இளம் குழுக்களும் ஓப்பஸ் 76 ஐயே கொண்டு வருவது எனக்கு இன்றுவரை புரியாத ஒன்று. ஓப்பஸ் 20 ஐயோ ஓப்பஸ் 50 ஐயோ கையில் வைத்திருக்கும் குழுவை நான் மறப்பதில்லை.

மேலாளரைப் பற்றி: தொடக்க ஆண்டுகளில் அவசரப்பட வேண்டாம். விற்பதற்கு நாள்காட்டியில் கச்சேரிகளே இல்லாத குழுவை நல்ல மேலாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொள்பவர் பெரும்பாலும் உங்களுக்காக உழைக்க மாட்டார். என்னைப் போன்ற அமைப்பாளர்கள் இளம் குழுவுடன் நேரடியாகப் பேசவே விரும்புகிறோம். உங்களுள் ஒருவர் கடிதங்களுக்கு இரண்டு நாளுக்குள் தெளிவாகப் பதில் எழுதுபவராக இருந்தால் அதுவே பாதி மேலாண்மை.

இன்னொன்று. நாங்கள் ஒரு குழுவின் முதல் வருகையைக் காட்டிலும் இரண்டாம் வருகையைத்தான் கூர்ந்து கவனிக்கிறோம். அரங்கம் அவர்களை மறுபடியும் அழைத்ததா என்று பிற சங்கங்களின் செயலர்கள் எங்களைத் தொலைபேசியில் கேட்பதுண்டு. என் அனுபவத்தில், பரிசு வாங்கியதா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

பழைய வயோலா எழுதியது:

ஒரு குவார்டெட்டில் பல ஆண்டுகள் வயோலா வாசித்துவிட்டு இப்போது கற்பிப்பதோடு நிறுத்திக்கொண்டவன் நான். செயலர் ஐயா சொன்னதை ஏற்கிறேன்; போட்டியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

போட்டியில் வென்றால் வாழ்க்கை அமைந்துவிடும் என்ற நம்பிக்கை வெறும் கற்பனை அன்று. தாகாச் குவார்டெட் 1975 இல் புடாபெஸ்ட் மாணவர்களால் தொடங்கப்பட்டு 1979 இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் நடந்த போட்டியில் முதற்பரிசு பெற்றது. அதே போட்டிதான் பின்னர் இலண்டனுக்கு இடம்பெயர்ந்து இன்று விக்மோர் அரங்கின் பெயரால் நடைபெறுகிறது. டோக்கியோ குவார்டெட் 1970 இலும், எபேன் குவார்டெட் 2004 இலும் ஜெர்மானிய ஒலிபரப்பு நிறுவனங்கள் மியூனிக்கில் நடத்தும் ஏ.ஆர்.டி. போட்டியில் வென்ற பிறகே உலகம் முழுவதும் அறியப்பட்டன. ஆனால் இந்தப் பெயர்கள் நம் நினைவில் நிற்பதற்குக் காரணம் அவர்கள் வென்றார்கள் என்பதைவிட, வென்ற பின்பும் பல்லாண்டுகள் சேர்ந்திருந்தார்கள் என்பதுதான் என்று நான் கருதுகிறேன். அதே மேடைகளில் வென்று சில ஆண்டுகளில் கலைந்துபோன குழுக்களின் பெயரை இங்கு யாரும் எழுதப் போவதில்லை.

நடைமுறையில் பாருங்கள். பான்ஃப், விக்மோர், இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் நடக்கும் பாவொலோ போர்சியானி ஆகிய குவார்டெட் போட்டிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடப்பவை. ஏ.ஆர்.டி.யில் ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு பிரிவுகளுக்கே இடம் என்பதால் குவார்டெட்டின் முறை வர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வயது வரம்பு வேறு. சில போட்டிகள் ஒவ்வொருவரின் வயதையும் பார்க்கும், சில குழுவின் மொத்த வயதைக் கூட்டிப் பார்க்கும். ஆகவே ஓர் இளம் குழு தன் வாழ்நாளில் மெய்யாகக் கலந்துகொள்ளக்கூடிய பெரிய போட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஒவ்வொன்றிலும் முதலில் ஒலிப்பதிவு அனுப்பித் தேர்வாக வேண்டும்; தேர்வானால் செவ்வியல் காலம் முதல் இக்காலம் வரை பல உருப்படிகளோடு, போட்டிக்கென்றே எழுதப்பட்ட கட்டாயப் படைப்பு ஒன்றையும் குறுகிய காலத்தில் கற்க வேண்டும். தகுதியானவர் இல்லை என நடுவர்கள் கருதினால் முதற்பரிசையே நிறுத்தி வைப்பதும் நடப்பதுதான். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு வாழ்க்கையை அமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படியானால் போட்டியே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், தேர்ந்தெடுக்கும்போது பரிசுத் தொகையைப் பாராமல், தோற்றால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். கனடாவின் பான்ஃப் நகரில் 1983 முதல் நடைபெறும் போட்டியை நான் மதிப்பதற்கு அதுவே காரணம். அழைக்கப்படும் பத்துக் குழுக்களும் இறுதிச் சுற்றுக்கு முந்தைய எல்லாச் சுற்றுகளிலும் வாசிக்கின்றன. முதல் நாளிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. ஒரு வாரம் முழுவதும் அரங்கம் நிறைந்த கேட்பவர்கள் முன்னும் அமைப்பாளர்கள் முன்னும் வாசித்த குழு, பரிசில்லாமல் திரும்பினாலும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. வெல்பவர்களுக்கும் பணத்தோடு நில்லாமல் கச்சேரிப் பயணங்களும் வழிகாட்டலும் சில ஆண்டுகளுக்குத் தொடர்கின்றன.

போட்டியைக் காட்டிலும் எனக்கு நம்பிக்கை தருபவை, இளம் குழுவை ஓரிரு ஆண்டு தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடுகளே. பி.பி.சி. ரேடியோ 3 நிலையம் 1999 இல் தொடங்கிய நியூ ஜெனரேஷன் ஆர்ட்டிஸ்ட்ஸ் திட்டம் தேர்ந்த இளைஞர்களுக்கு இரண்டு ஆண்டு ஒலிபரப்பு வாய்ப்புகளைத் தருகிறது. பெல்சியா குவார்டெட் அதன் முதல் அணியில் இருந்தது. பிரிட்டனில் 1984 முதல் இயங்கும் யங் கிளாசிக்கல் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரஸ்ட், நியூயார்க்கின் கான்சர்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்ட், யங் கான்சர்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆகியவை இலாப நோக்கமற்ற அமைப்புகள். அவை தேர்வு வைத்து எடுத்துக்கொள்ளும் கலைஞர்களுக்குத் தாமே மேலாளராக இருக்கின்றன. மேலாளர் வேண்டாமா என்ற உங்கள் ஐயத்துக்கு ஒரு விடை இங்கே இருக்கிறது. பயிற்சியைத் தொடர விரும்பினால், ஆல்பன் பெர்க் குவார்டெட்டை நிறுவிய நால்வரில் ஒருவரான வயோலா கலைஞர் ஹாட்டோ பையர்லே 2004 இல் தொடங்கிய ஐரோப்பிய சேம்பர் இசை அகாடமி உண்டு. அது ஒரே இடத்தில் நடைபெறாமல், ஆண்டில் சில முறை வெவ்வேறு நகரங்களில் கூடுவது. அந்த ஆல்பன் பெர்க் குழுவினரே தொடக்கத்தில் சின்சினாட்டிக்குச் சென்று லசால் குவார்டெட்டிடம் பயின்றவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற பின்பு பயிற்சியை முடித்துக்கொள்வோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி ரெசிடென்சி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. பெல்ஜியத்தின் ப்ரோ ஆர்ட்டே குவார்டெட் 1940 மே மாதத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பீத்தோவன் குவார்டெட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தபோது ஜெர்மானியப் படைகள் அவர்களுடைய நாட்டுக்குள் நுழைந்தன. திரும்பிச் செல்ல வழியற்ற அவர்களை அங்கிருந்த பல்கலைக்கழகம் தன்னிடமே அமர்த்திக்கொண்டது. அதே பெயரில் அங்கே இன்றும் ஒரு குவார்டெட் இருக்கிறது. அதற்குப் பின் இந்த ஏற்பாடு பரவி, இன்று மூத்த குவார்டெட் ஒன்று ஆசிரியராக இருக்கும் இடங்களில் இளம் குழுவுக்கென்று தனி இடமே ஒதுக்கப்படுகிறது. நியூயார்க்கின் ஜூலியர்ட் இசைக் கல்லூரியில் அப்படி ஒன்று உண்டு. கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாகாச் குழுவினரிடம் பயிலும் இளம் குவார்டெட்டுக்கும் அப்படியே. கல்விக் கட்டணம் இல்லாமல் சிறு உதவித்தொகை, வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களுக்குக் கற்பித்தல், மீதி நேரம் உங்களுடையது என்பதே இவற்றின் பொதுவான அமைப்பு.

இந்த மீதி நேரத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். பட்டம் பெற்ற குழுக்கள் பெரும்பாலும் திறமைக் குறைவால் கலைவதில்லை. நால்வரும் வாடகைக்காக நான்கு திசைகளில் வேலை தேடுகிறார்கள், நாள்தோறும் நடந்த ஒத்திகை வாரத்துக்கு இருமுறை ஆகிறது, பிறகு கச்சேரிக்கு முந்தைய நாள் மட்டும் நடக்கிறது, வாசிப்பு தளர்கிறது, தளர்ந்ததைக் கேட்டு ஒருவர்மேல் ஒருவர் குறைபட்டுக்கொள்கிறார்கள். சேர்ந்திருக்கும் நேரத்துக்கு யாராவது பணம் தரும் ஏற்பாடு எதுவோ, அதை முதலில் தேடுங்கள். அதன் பெயர் என்னவாக இருந்தாலும் சரி.

வாரநாள் வயலின் எழுதியது:

மேலே எழுதியவர்கள் ஆர்க்கெஸ்ட்ரா வேலையைக் குழுவின் எதிரியைப் போல ஒதுக்கிவிட்டுச் சென்றது நியாயமன்று. நான் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்துக்கொண்டே குவார்டெட்டும் வாசிப்பவன். ஆகவே இதில் எனக்குச் சார்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லைப்ஸிக்கின் கெவாண்ட்ஹவுஸ் குவார்டெட் அந்த நகர ஆர்க்கெஸ்ட்ராவின் உறுப்பினர்களாலேயே 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டு, ஆட்கள் மாறி மாறி இன்றுவரை தொடர்கிறது. வியன்னாவில் 1882 இல் தொடங்கிய ரோசே குவார்டெட்டின் தலைவர் ஆர்னால்ட் ரோசே, அங்குள்ள அரசவை ஆப்பரா ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை வயலின் கலைஞர். புதுமைக்குப் பெயர்பெற்ற இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் முதல் இரண்டு குவார்டெட்டுகளையும் 1907, 1908 ஆண்டுகளில் முதன்முதலில் மேடையேற்றியது அந்தக் குழுதான். வேலையில் இருப்பவர்களால் புதியதை முயல முடியாது என்பவர்களுக்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

ஆர்க்கெஸ்ட்ராவின் வேலை அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும் என்பது சிறு குழுவுக்கு ஒரு வசதியும்கூட. தகுதிகாண் பருவத்தில் விடுப்புக் கேட்பது மட்டும் கடினம். அந்த ஓராண்டைக் குழு பொறுத்துக்கொள்ள முடியுமா என்பதையே உங்கள் வயோலா கலைஞருடன் பேசித் தீர்க்க வேண்டும்.

பழைய வயோலா எழுதியது:

நண்பர் சொன்ன வரலாறு சரி. ஆனால் அந்த இரு குழுக்களிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஆர்க்கெஸ்ட்ராவைச் சேர்ந்தவர்கள், ஒரே நகரத்தில் ஒரே அட்டவணையில் இருந்தவர்கள். நால்வரில் ஒருவர் மட்டும் வேறு அட்டவணையில் சிக்கிக்கொள்வது முற்றிலும் வேறு நிலைமை. மற்ற மூவரின் நாள்களும் அந்த ஒருவரின் ஓய்வு நாள்களைச் சுற்றியே அமையத் தொடங்கும். மூவருக்கும் அது கசப்பாக மாற அதிக காலம் ஆகாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் சில சிறிய இசைக் குழுக்களுக்கு வரவு செலவும் ஒப்பந்தங்களும் பார்த்துக் கொடுப்பவன். இசையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இத்தனை பேர் எழுதியும் பணத்தைப் பற்றிய பேச்சு வாடகை என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டதால் எழுதுகிறேன்.

கச்சேரிக்குப் பேசப்படும் சன்மானத்தை நான்கால் வகுத்தால் கிடைப்பது உங்கள் வருமானம் என்று எண்ணிவிட வேண்டாம். பயணமும் தங்குமிடமும் அதில் அடங்குமா, தனியா என்பதை முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். விமானத்தில் செல்லோவுக்கு என்று தனி இருக்கை வாங்க வேண்டும். அதாவது நால்வர் குழுவுக்கு ஐந்து பயணச்சீட்டு. மேலாளர் இருந்தால் அவருடைய பங்கு பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இருக்கும். அது மொத்தத் தொகையிலிருந்தா, செலவு போக மீதியிலிருந்தா என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய உயர்ந்த வாத்தியங்களை அறக்கட்டளைகள் இரவல் தருகின்றன என்பது உண்மை. புகழ்பெற்ற இத்தாலிய வாத்தியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்து, பின்னாளில் வயலின் மேதை பகனீனி வைத்திருந்த நான்கு வாத்தியங்களை நிப்பான் மியூசிக் ஃபவுண்டேஷன் டோக்கியோ குவார்டெட்டுக்கு 1995 முதல் அக்குழு கலைந்த 2013 வரை இரவல் தந்திருந்தது. ஆனால் இரவல் வாத்தியத்தின் காப்பீட்டையும் பராமரிப்பையும் பல இடங்களில் வாசிப்பவரே ஏற்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மகிழ்ச்சி அடையுங்கள்.

வெளிநாட்டுக் கச்சேரிகளில் வரி ஒரு தனிக் கதை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் மாதிரி வரி உடன்படிக்கையில் 17 ஆவது பிரிவு கலைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் உரியது. அதன்படி ஒரு கலைஞரின் வருமானத்துக்கு அவர் மேடையேறும் நாடே வரி விதிக்கலாம். அமைப்பாளர் உங்கள் சன்மானத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தால் அது ஏமாற்று அன்று, பெரும்பாலும் இந்தச் சட்டம்தான். பிடித்ததற்கான சான்றிதழைக் கையோடு வாங்கிக்கொண்டால்தான் உங்கள் சொந்த நாட்டில் அதைக் கழித்துக் காட்ட முடியும். கச்சேரி முடிந்து பல மாதங்கள் கழித்துக் கேட்டால் பதில் வருவது அரிது.

அமெரிக்க ரெசிடென்சிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். படிப்பாகச் சேர்பவர்களுக்கு மாணவர் விசா. படிப்பு முடிந்து குழுவாகக் கச்சேரிக்குச் செல்லும்போது, உலகப் புகழ் பெற்ற குழுக்களுக்கான பி-1 (P-1) விசாவில் ஒரு விதி இருக்கிறது: உறுப்பினர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் குறைந்தது ஓராண்டாவது அந்தக் குழுவோடு தொடர்ந்து இருந்திருக்க வேண்டும். நால்வர் குழுவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒருவர் மாறினால் மீதி மூவர், சரியாக எழுபத்தைந்து. இருவர் மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். உங்கள் வயோலா கலைஞரைப் பற்றிய முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, நால்வருக்கும் இடையே எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள். குழுவின் பெயர் யாருக்கு உரியது, ஒருவர் விலகினால் எத்தனை மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும், ஒலிப்பதிவுகளின் வருமானம் விலகியவருக்குத் தொடருமா, கடிதம் எழுதுவது முதல் பயணச்சீட்டு எடுப்பது வரை வேலை பார்ப்பவருக்குத் தனியாக ஏதேனும் உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன வேலையை நான் பார்த்த பல குழுக்களில் ஒருவரே சம்பளமில்லாமல் செய்துவருகிறார். முதலில் களைத்துப்போகிறவரும் அவர்தான். நட்பு நன்றாக இருக்கும்போதே இதை எழுதிவிடுவது எளிது.

இரண்டாம் வயலின் எழுதியது:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று நால்வரும் உட்கார்ந்து இந்தப் பதில்களை உரக்கப் படித்தோம். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன உடன்படிக்கையை எழுதத் தொடங்கிவிட்டோம். குழுவின் கடிதங்களை எல்லாம் இதுவரை நானே எழுதி வந்தேன் என்பதால் அந்தப் பத்தியை மற்ற மூவரும் சற்று மெதுவாகப் படித்தார்கள்.

இன்னும் இரண்டு ஐயங்கள். வயோலா வாசிப்பவர் ஓராண்டு ஆர்க்கெஸ்ட்ராவை முயன்று பார்க்க முடிவு செய்தால் நாங்கள் மாற்று ஆளை வைத்துத் தொடரலாமா, அல்லது அது குழுவையே வேறொன்றாக மாற்றிவிடுமா? அடுத்தது, பெரிய நகரங்களின் ரெசிடென்சிகள் ஓரிரு இடங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அவை கிடைக்காவிட்டால் சேர்ந்திருக்கும் நேரத்துக்குப் பணம் தரும் ஏற்பாட்டை வேறு எங்கே தேடுவது?

பழைய வயோலா எழுதியது:

முதல் கேள்விக்கு வரலாற்றில் இரண்டு விடைகளும் இருக்கின்றன. அமதேயஸ் குவார்டெட் 1948 சனவரியில் விக்மோர் அரங்கில் அந்தப் பெயரோடு முதன்முதலாக மேடையேறியது. வயோலா கலைஞர் பீட்டர் ஷிட்லாஃப் 1987 இல் மறைந்தபோது மற்ற மூவரும் வேறொருவரைத் தேடாமல் குழுவையே முடித்துக்கொண்டார்கள். தாகாச் குழுவிலோ தொடங்கிய நால்வரில் செல்லோ கலைஞர் அந்திராஷ் ஃபெய்யேர் ஒருவர் மட்டுமே 2018க்குப் பின் எஞ்சியிருந்தார். ஆயினும் அதன் பெயருக்கோ வாசிப்புக்கோ குறைவில்லை. ஆனால் இவை பல்லாண்டு சேர்ந்து வாசித்து, குழுவுக்கென்று ஒரு நாதம் படிந்துவிட்ட பிறகு வந்த மாற்றங்கள். உங்களைப் போன்ற தொடக்க நிலையில் ஓராண்டுக்கு என்று ஒருவரை வைத்துக்கொண்டால், அவருக்காக எல்லா உருப்படிகளையும் புதிதாக ஒத்திகை பார்த்து, ஆண்டு முடிவில் பழையவருக்காக மறுபடியும் அதையே செய்ய வேண்டியிருக்கும். என் கருத்தில், அவர் போவதானால் நிரந்தரமாகவே வேறொருவரைத் தேடுவதுதான் நேர்மை. அவருக்கும் அது சுமையாக இராது. இதில் வாரநாள் வயலின் நண்பர் என்னோடு மாறுபடுவார் என்று தெரியும்.

வாரநாள் வயலின் எழுதியது:

மாறுபடவில்லை. தகுதிகாண் ஆண்டு முடியும்வரை அவருக்கே தன் மனம் தெரியாது. அதுவரை மூவரும் காத்திருக்கச் சொல்வது அதிகம்.

சங்கச் செயலர் எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். இளம் குழுக்கள் இந்தத் திசையில் போதுமான அளவு பார்ப்பதில்லை என்பது என் குறை.

அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் தேசியக் கலை நிதியம் சிற்றூர்களில் இளம் குழுக்களைக் குடியமர்த்தும் திட்டம் ஒன்றை நடத்தியது. அதன்படி யிங் குவார்டெட் அயோவா மாநிலத்தில் சுமார் 2,000 பேர் வாழும் ஜெசப் என்ற விவசாய ஊரில் இரண்டு ஆண்டு தங்கியிருந்து பள்ளியிலும் தேவாலயத்திலும் வீடுகளிலும் வாசித்தது. இசைத் துறையின் கண்ணில் படாத இடம் அது. ஆனால் நால்வருக்கும் ஒரே இடத்தில் சம்பளமும், நாள்தோறும் ஒத்திகைக்கு நேரமும், வேறு எங்கும் கிடைக்காத கேட்பவர்களும் இருந்தார்கள். ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடென்ஸ் நகரில் 1997 இல் செபாஸ்டியன் ரூத் தொடங்கிய கம்யூனிட்டி மியூசிக்வொர்க்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. குழுவினர் ஒரு குடியிருப்புப் பகுதியிலேயே நிலையாக அமர்ந்து அங்குள்ள குழந்தைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பிப்பதும் கச்சேரி வாசிப்பதுமே அங்கு அவர்களின் வேலை.

பிரிட்டனில் யெஹுதி மெனுஹின் 1977 இல் பிறரோடு சேர்ந்து நிறுவிய லைவ் மியூசிக் நவ் அமைப்பு, தேர்வு வைத்து எடுத்த இளம் இசைஞர்களை முதியோர் இல்லங்களுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் ஊதியத்துடன் அனுப்புகிறது. இத்தாலியில் 2015 முதல் இயங்கும் லே டிமோரே டெல் குவார்டெட்டோ பழைய மாளிகைகளின் உரிமையாளர்களையும் இளம் குவார்டெட்டுகளையும் இணைக்கிறது. சில நாள் தங்கி ஒத்திகை பார்க்க இடம் தருகிறார்கள், கைம்மாறாகக் குழு அங்கே ஒரு கச்சேரி வாசிக்கிறது. பணமில்லாவிட்டாலும், நால்வரும் ஒரே கூரையின்கீழ் தொந்தரவின்றி ஒத்திகை பார்க்கும் நாள்களைத் தரும் ஏற்பாடு அது.

எங்களைப் போன்ற சிறு சங்கங்களிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரு கச்சேரிக்கு என்று கேட்பதற்குப் பதிலாக, ஒரே ஊரில் நான்கு நாள் இருந்து இரண்டு பள்ளிகளில் வாசித்து, உள்ளூர் இளைஞர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்து, இறுதியில் முழுக் கச்சேரி ஒன்று நடத்துகிறோம் என்று எழுதினால் எங்களால் கல்விக்கென்று உள்ள நிதியையும் அதற்குப் பெற முடியும். மொத்தச் சன்மானம் அப்போது ஒற்றைக் கச்சேரியைவிட நன்றாகவே இருக்கும். உங்கள் முதல் வயலின் கலைஞரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் தேடும் ரெசிடென்சியின் சிறு வடிவம் இதுதான். விண்ணப்பத்தை அடுத்த பருவத்துக்காக இப்போதே எழுதத் தொடங்க வேண்டும், ஏனெனில் சங்கங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்கும் ஒன்றரை ஆண்டுக்கும் முன்பே தங்கள் நாள்களை நிரப்பிவிடுகின்றன.